குக்கிராமங்களுக்கு எப்போது எட்டும் இந்த அமைதி?

2025 ஜூலை 11 அன்று வடக்கு ஈராக்கில் சுலைமானியா நகருக்கு அருகே ஒரு குகை வாயிலில் 30 பேர் வரிசையாக இறங்கி வந்து, பெரிய கொப்பரை ஒன்றில் தங்கள் துப்பாக்கிகளை அடுக்கித் தீ வைத்தார்கள். பதினைந்து பெண்கள், பதினைந்து ஆண்கள். குர்திஸ்தான் தொழிலாளர் கட்சி (பி.கே.கே.) நாற்பது ஆண்டுகளுக்கு மேல் துருக்கி அரசுடன் நடத்திய ஆயுதப் போருக்கு முடிவு கட்டியதன் அடையாளமாக அந்தக் காட்சி உலகத் தொலைக்காட்சிகளில் ஓடியது. அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த பெண்ணின் இயக்கப் பெயர் பெஸே ஹோசாத். பெயரின் பின்பாதி ஓர் ஊரின் பெயர். துருக்கியின் கிழக்கே துன்ஜெலி மாகாணத்தில் இருக்கும் சிறிய மலை வட்டம் ஹோசாத். அந்தப் பெயரைச் செய்தியில் கேட்டதும் என் நினைவுக்கு வந்தது, அதே வட்டத்தைச் சேர்ந்த போய்தாஷ் என்ற கிராமம்.

போய்தாஷை நான் நேரில் பார்த்ததில்லை. அந்த ஊர் எனக்கு அறிமுகமானது ஒரு நீதிமன்றத் தீர்ப்பின் வழியாக. அந்த ஊரைச் சேர்ந்த 15 பேர் தொடுத்த வழக்கில், 2004 ஜூன் 29 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் துருக்கி அரசுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. சட்டத் தீர்ப்புகளில் ஊர்களைப் பற்றிய வருணனை பொதுவாக ஒரு வரியில் முடிந்துவிடும். இந்தத் தீர்ப்பு சற்று நின்று பார்க்கிறது. மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்கள், தனித்தனி வீடுகள், உழவுக்குப் போதாத நிலம். நிர்வாக வசதிக்காக இவை அனைத்தும் சேர்த்து ஒரே கிராமமாகக் கணக்கிடப்பட்டன. பெருநிலக்கிழார்கள் இல்லை. தாத்தாவையோ தந்தையையோ மையமாகக் கொண்டு, மணமான பிள்ளைகள் சேர்ந்து நடத்தும் சிறு பண்ணைகள் இருந்தன. செம்மறியும் வெள்ளாடும் தேனீயும் கொஞ்சம் பயிரும், காட்டில் வெட்டி விற்கும் மரமும்தான் பிழைப்பு. 1994 அக்டோபரில் அந்த ஊர் காலியானது.

குர்து மலைப் பகுதியில் கிராமம் என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதிலிருந்தே இந்தச் சிக்கல் தொடங்குகிறது. குர்து மொழியில் ஊர் என்பது 'குந்த்'. அரசின் பதிவேட்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த் தலைவரான 'முக்தார்' உண்டு. ஆனால், அதைச் சுற்றி ஓடைக்கு ஒன்று, பள்ளத்தாக்குக்கு ஒன்று என்று ஐந்து வீடும் பத்து வீடுமாக இருக்கும் குடியிருப்புகளுக்குத் துருக்கியில் 'மெஸ்ரா' என்று பெயர். நமது வருவாய்த் துறையின் மொழியில் சொல்வதானால், ஒன்று தாய்க்கிராமம், மற்றவை அதன் உட்கிடைகள். உட்கிடைக்குத் தனித் தலைவர் இல்லை. பல நேரங்களில் பள்ளியும் இல்லை, சாலையும் இல்லை. ஆனால் ஊரின் உணவு அங்கிருந்துதான் வருகிறது. குளிர்காலத்தில் பனி வழியை அடைத்துவிடும் என்பதால், கோடையின் இறுதியிலேயே ஓக் மரக் கிளைகளை இலையோடு வெட்டி அடுக்கிவைத்து ஆடுகளுக்குத் தீனி சேர்ப்பார்கள். கோடை பிறந்ததும் குடும்பம் மந்தையோடு இன்னும் மேலே, 'ஸோஸான்' எனப்படும் உயர்மலைப் புல்வெளிக்கு ஏறும். குந்த், மெஸ்ரா, ஸோஸான் ஆகிய மூன்றும் ஒரே வாழ்க்கையின் மூன்று படிகள். நடுப்படியை உடைத்தால் மற்ற இரண்டும் நிற்பதில்லை.

இதைத் துருக்கிக் குடியரசு அறியாமல் இல்லை. 1924-ஆம் ஆண்டின் கிராமச் சட்டம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், மேய்ச்சல் நிலம், கோடைப் புல்வெளி, விறகுக்காடு போன்ற பொதுச் சொத்துகளோடு, நெருக்கமாகவோ சிதறியோ அமைந்த வீடுகளில் வாழும் மக்களையும் அவர்களுடைய தோட்டம் துரவுகளையும் சேர்த்தே கிராமம் என்று வரையறுக்கிறது. சிதறிய வீடுகளும் புல்வெளியும் விறகுக்காடும் குடியரசின் தொடக்கச் சட்டங்களில் ஒன்றிலேயே இடம்பெற்றிருக்கின்றன.

1990-களில் நடந்தது இந்த வரையறைக்கு நேர் எதிரானது. 1984-இல் பி.கே.கே. ஆயுதத் தாக்குதலைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே கிராமச் சட்டத்தைத் திருத்தி, சம்பளம் பெறும் 'கிராமக் காவலர்' முறையை அரசு கொண்டுவந்தது. 1987-இல் குர்து மாகாணங்களில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அது முழுமையாக நீங்கியது 2002-இல்தான். மலையில் சிதறிக் கிடக்கும் குடியிருப்புகளில் போராளிகளுக்கு ரொட்டி கிடைக்கும், வழி தெரியும், செய்தி எட்டும் என்பது ராணுவத்தின் கணக்கு. ஆகவே ஊர்களுக்கு முன்னால் இரண்டே வழிகள் வைக்கப்பட்டன: துப்பாக்கியை வாங்கிக்கொண்டு காவலராகு, அல்லது வெளியேறு. காவலரானால் மறுபக்கத்திலிருந்து ஆபத்து. 1987 ஜூனில் மார்தின் மாகாணத்தின் பினார்ஜிக் கிராமத்தில் பி.கே.கே. 30 பேரைக் கொன்றது. அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். இந்தக் கொலைகளைச் சொல்லாமல் கிராமங்கள் காலியான கதையைச் சொல்வது நேர்மையாகாது. அதே நேரத்தில், வீடுகளைக் கொளுத்தியது யார் என்ற கேள்விக்கு நீதிமன்ற ஏடுகளில் தெளிவான விடை உண்டு. 1992 நவம்பரில் தியார்பக்கிர் மாகாணத்தின் கெலெக்ச்சி கிராமத்தில் எரிக்கப்பட்ட வீடுகளுக்குப் பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1996-இல் தீர்மானித்தது. இந்த வகை வழக்குகளில் முன்னோடித் தீர்ப்பு அது.

எத்தனை ஊர்கள்? துருக்கி நாடாளுமன்றக் குழு 1998-இல் கொடுத்த கணக்கின்படி 905 கிராமங்கள், 2,523 குக்கிராமங்கள். வெளியேறியவர்கள் 3,78,335 பேர். பின்னர் அரசே கேட்டுக்கொண்டதன் பேரில் ஹஜெத்தெப்பே பல்கலைக்கழகம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வோ, இடம்பெயர்ந்தவர்கள் ஒன்பதரை லட்சத்திலிருந்து 12 லட்சம் வரை இருக்கலாம் என்றது. மக்கள்தொகைக் கணக்கில் இருக்கும் இந்தப் பெரிய இடைவெளியைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. என் கண்ணில் படுவது முதல் கணக்கின் உள்ளே இருக்கும் விகிதம். காலியான ஒவ்வொரு கிராமத்துக்கும் ஏறத்தாழ மூன்று குக்கிராமங்கள் காலியாகியிருக்கின்றன. அதாவது, அடியின் பெரும்பகுதி விழுந்தது பதிவேட்டில் பாதியே தெரிகிற இடங்களின் மீது.

வெளியேறியவர்கள் தியார்பக்கிருக்கும் வானுக்கும் மெர்சினுக்கும் இஸ்தான்புல்லுக்கும் போனார்கள். ஆடு மேய்த்தவர் கட்டட வேலைக்குப் போனார். பெண்கள் பருத்தி எடுக்கவும் கொட்டைப் பயிர் பறிக்கவும் பருவம்தோறும் லாரி ஏறினார்கள். தியார்பக்கிரின் பழைய கோட்டைக்குள் இருக்கும் சூர் பகுதியில் குடியேறியவர்களுக்கு விதி இரண்டாம் முறையும் அதே முகத்தைக் காட்டியது. 2015 டிசம்பரில் அங்கே ஊரடங்கு அறிவிக்கப்பட்டு, தெருச்சண்டையில் வீடுகள் நொறுங்கின. அவர்கள் மீண்டும் மூட்டை கட்டினார்கள்.

மீண்டும் போய்தாஷுக்கு வருவோம். ஊர்க்காரர்கள் தங்களைப் படையினர் விரட்டியதாகச் சொன்னார்கள். பயங்கரவாதத்துக்கு அஞ்சித் தாங்களாகவே போனார்கள் என்றது அரசு. சுதந்திரமான விசாரணை எதுவும் நடக்காததால் காரணம் எது என்று தன்னால் தீர்மானிக்க இயலாது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. ஆனால், திரும்பிச் செல்ல அனுமதிக்காததை எடுத்துக்கொண்டது. 1994 முதல் 2003 ஜூலை வரை ஊருக்குள் போக வழி இல்லை. மனுக்களுக்கு வந்த பதில், 'கிராமம் திரும்புதல் மற்றும் மறுவாழ்வுத் திட்ட'த்தின் கீழ் பரிசீலிக்கப்படும் என்பதே.

அரசுத் தரப்பு வைத்த இன்னொரு வாதத்தில்தான் எனக்கு அக்கறை அதிகம். உங்கள் பெயரில் பத்திரம் எங்கே? பட்டா இல்லாத நிலத்துக்கு இழப்பு எப்படி வரும்? மலைக்கிராமங்களை அறிந்த எவருக்கும் இந்தக் கேள்வியின் கூர்மை புரியும். தாத்தாவின் நிலத்தில் மகன் வீடு கட்டினான். அந்த வீட்டில் பேரன் பிறந்தான். எவரும் தாலுகா அலுவலகம் போகவில்லை. எல்லை எது என்பது ஒரு பாறை, ஒரு வால்நட் மரம், ஓர் ஓடையின் வளைவு. நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. முன்னோர் நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்தார்கள், தந்தையின் நிலத்தை உழுதார்கள், ஊரின் பொதுவான மேய்ச்சல் நிலத்திலும் காட்டிலும் அவர்களுக்கு இருந்த உரிமையை யாரும் மறுத்ததில்லை. இந்த வாழ்வாதாரங்களும் அவற்றிலிருந்து வந்த வருமானமும் சேர்ந்ததே அவர்களது உடைமை என்று முடிவு செய்தது. பொதுப் புல்வெளியில் ஆடு மேய்க்கும் உரிமையும் ஒருவரின் சொத்தே என்று ஒரு சர்வதேச நீதிமன்றம் சொன்னது சிறிய செய்தி அல்ல.

ஆனால் அந்தத் தீர்ப்பு வெளிவந்த அடுத்த மாதமே, 2004 ஜூலையில், துருக்கி நாடாளுமன்றம் இழப்பீட்டுச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. எண் 5233. மாகாணம்தோறும் மதிப்பீட்டுக் குழுக்கள் அமைந்தன. 2006 ஜனவரியில், அதே துன்ஜெலியின் மற்றொரு கிராமத்து வழக்கில், உள்நாட்டிலேயே நிவாரண வழி இருக்கிறது, அங்கே செல்லுங்கள் என்று ஐரோப்பிய நீதிமன்றம் கதவைச் சாத்தியது. வரிசையில் நின்ற ஏறத்தாழ 1,500 வழக்குகளும் அத்தோடு திரும்பின. சட்டத்தால் பணம் வந்தது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நகரத்தின் ஓரத்தில் வாடகைக்கு இருந்த பல குடும்பங்களுக்கு அது உதவியிருக்கும். ஆனாலும் அது பொருள் இழப்புக்கு மட்டுமே ஈடு தந்தது. மனத்துயரத்துக்கு அதில் இடமே இல்லை. யார் விரட்டினார்கள் என்ற கேள்வியையும் அது கேட்கவில்லை. முக்கியமாக, சுவருக்கும் கூரைக்கும் மரத்துக்கும் விலை போட முடிந்த குழுக்களால், ஊரே சேர்ந்து மேலே ஏறி, ஊரே சேர்ந்து கீழே இறங்கிய ஒரு வாழ்க்கைக்கு விலை போட முடியவில்லை.

திரும்பியவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் திரும்பிவிட்டதாக 2000-களின் இறுதியில் அரசு சொன்னது. இந்த 'திரும்புதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் தட்டிப் பார்க்க வேண்டும். கோடையில் ஏறி வந்து, இடிந்த சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு, தேன்கூடுகளைப் பார்த்து, காய்கறி பயிரிட்டு, முதல் பனி விழும் முன் நகரத்துக்கு இறங்கிவிடும் முதியவர்களும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். பேரப்பிள்ளைகள் கூட வருவதில்லை. வந்தாலும் பள்ளி இல்லை. தாய்க்கிராமத்துக்குச் சாலையும் மின்சாரமும் கொடுத்தாயிற்று, உட்கிடைக்கும் தனித்தனியே கொடுக்க முடியாது, எல்லோரும் மையத்துக்கு வந்து குடியேறுங்கள் என்பது நீண்டகாலமாகவே அரசு அதிகாரிகளின் சிந்தனை. செலவுக் கணக்கில் அது நியாயமாகத் தோன்றும். பத்து வீட்டுக்கு ஒரு கம்பி இழுப்பது எந்த அரசுக்கும் சுமைதான். ஆனால் மையத்தில் வீடு கிடைத்தவருக்கு ஆடு எங்கே மேயும் என்ற கேள்வியை அந்தக் கணக்கு கேட்பதில்லை. 2015-இல் பேச்சுவார்த்தை முறிந்தபின் துன்ஜெலி மலைகளில் அடுத்தடுத்து 'சிறப்புப் பாதுகாப்பு மண்டலங்கள்' அறிவிக்கப்பட்டு, புல்வெளிகளுக்குப் போகும் வழிகள் மீண்டும் அடைபட்டன. கிராமம் திறந்திருக்கும், மேய்ச்சல் நிலம் மூடியிருக்கும். வெளியிலிருந்து வரும் செய்தியாளருக்குத் திறந்திருக்கும் கிராமமே கண்ணில் படும்.

இதற்கிடையே சட்டத்தின் அடித்தளமே நகர்ந்துவிட்டது. 2012-இல் வந்த பெருநகராட்சிச் சட்டம், நாடு முழுவதும் 16,000-க்கும் மேற்பட்ட கிராமங்களைப் பெருநகராட்சிகளின் வார்டுகளாக்கியது. தியார்பக்கிர், வான், மார்தின் மாகாணங்களில் 1924 சட்டம் சொன்ன 'கிராமம்' என்ற சட்ட உருவமே இன்று இல்லை. கிராமத்தின் பொதுச் சொத்து நகராட்சிகளுக்குப் போயிற்று. அந்த நகராட்சிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர்களை நீக்கிவிட்டு அரசு தன் பொறுப்பாளர்களை அமர்த்துவது 2016 முதல் வழக்கமாகிவிட்டது. துன்ஜெலி பெருநகராட்சி அல்ல. எனவே, போய்தாஷ் இன்னும் சட்டப்படி கிராமமே. ஆனால் அங்கும் நகர மேயர் 2024 நவம்பரில் நீக்கப்பட்டார்.

ஊர்ப் பெயரையும் இங்கே சொல்லிவிட வேண்டும். துன்ஜெலி என்பதே 1935-இல் சட்டம் போட்டுச் சூட்டிய பெயர்; மக்கள் சொல்வது தெர்சிம். 1937-38 ராணுவ நடவடிக்கையில் அங்கே 13,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதை 2011-இல் எர்தோகனே ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். 1940-க்கும் 2000-க்கும் இடையே நாடெங்கும் 12,000-க்கும் மேற்பட்ட ஊர்களின் பெயர்கள் துருக்கியாக்கப்பட்டன. ஆகவே, முதியவர் ஒருவர் தன் நிலத்தைக் காட்டிச் சொல்லும் பெயரும், வரைபடத்தில் இருக்கும் பெயரும், இழப்பீட்டு மனுவில் எழுத வேண்டிய பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. துன்ஜெலி மக்களில் பலர் ஸாஸா மொழி பேசும் அலெவிகள். தாங்கள் குர்துகளா, தனி இனமா என்ற விவாதம் அவர்களுக்குள்ளேயே உண்டு. ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அந்த வேறுபாட்டை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பின்னணியில்தான் இன்றைய அமைதி முயற்சியைப் பார்க்கிறேன். 2025 பிப்ரவரி 27 அன்று சிறையிலிருந்து அப்துல்லா ஒஜலான் விடுத்த அழைப்பு, மே மாதம் பி.கே.கே. தன்னைக் கலைத்துக்கொண்ட அறிவிப்பு, ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் அமைந்த குழு, அக்டோபரில் துருக்கி மண்ணிலிருந்து போராளிகள் விலகுவதாக வந்த செய்தி என எல்லாம் ஒரே ஆண்டில் நடந்தவை. பேச்சின் மையத்தில் இருப்பவை ஆயுதம், சிறைக் கைதிகள், போராளிகளின் சட்டநிலை, ஒஜலானின் எதிர்காலம் ஆகியவை. இவை தவிர்க்க முடியாதவைதாம். ஆனால் தலைவர்களுக்கும் அரசுக்கும் இடையே உள்ளவற்றைத் தீர்ப்பதோடு அமைதி முடிந்துவிட்டது என்று அறிவிக்கப்படுமோ என்ற அச்சம் எனக்கு இருக்கிறது. மலையில் இருந்தவர்கள் இறங்குவதற்குச் சட்டம் தேடப்படுகிறது. மலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கு எந்தச் சட்டம்?

செய்ய வேண்டியவை புதிரானவை அல்ல. சிறப்புப் பாதுகாப்பு மண்டலங்களை நீக்கலாம். போர் முடிந்தது என்று அரசே சொல்லும்போது அவற்றுக்குக் காரணம் இல்லை. கண்ணிவெடிகளை அகற்றுவதாகத் துருக்கி 2003-லேயே ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்து வாக்களித்தது. கெடு திரும்பத் திரும்பத் தள்ளிப் போயிருக்கிறது. கிராமக் காவலர் முறைக்கு என்ன முடிவு என்று சொல்ல வேண்டும். இது கடினமானது. நாற்பது ஆண்டு அரசுச் சம்பளத்தில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் அவை. அவற்றை ஒரே கையெழுத்தில் தெருவில் விடுவதும் புதிய பகையை விதைப்பதே. ஆனால் பக்கத்து ஊர்க் காவலர் தன் வயலை உழுதுகொண்டிருக்கும்போது, ஆயுதமின்றி எவரும் குடும்பத்தோடு திரும்பமாட்டார்.

இவை எல்லாவற்றிலும் அவசரமானது நில அளவை என்பேன். முப்பது ஆண்டு உழாத வயலில் ஓக் புதர் மண்டிவிடும். அளக்க வருபவரின் கண்ணுக்கு அது காடு. காடென்று பதிவானால் அது அரசின் சொத்து. 1998-ஆம் ஆண்டின் மேய்ச்சல் நிலச் சட்டப்படி புல்வெளியும் அரசுடையதே. ஊருக்கு இருப்பது பயன்படுத்தும் உரிமை மட்டும். பயன்படுத்துவோர் இல்லாத ஊருக்கு அந்த உரிமை எத்தனை காலம் நிற்கும்? போய்தாஷ் தீர்ப்பு சொன்ன கோட்பாடு, பத்திரம் இல்லாவிட்டாலும் வாழ்ந்ததே சான்று என்பது. அதை நில அளவை அலுவலகத்தின் நடைமுறையாக்கினால், நாடாளுமன்றக் குழு பாதி வேலையை முடித்ததாகும். அதற்குப் புதிய சர்வதேச வழக்கு தேவையில்லை.

'மெஸ்ரா' என்ற சொல் அரபு மூலத்திலிருந்து வந்தது. விதைத்த நிலம் என்று பொருள். ஒட்டோமான் பதிவேடுகளில் அது பெரும்பாலும் ஆளில்லாத விளைநிலத்தைக் குறித்தது. ஓர் இடம் மெஸ்ராவா அல்லவா என்று அன்றைய அதிகாரிகள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அந்தக் கால வரலாற்றை ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்: பழைய ஊரின் இடிபாடு இருக்கிறதா, தனி நீர்நிலை இருக்கிறதா, இடுகாடு இருக்கிறதா? மூன்றும் இருந்தால் அங்கே ஒருகாலத்தில் மக்கள் வாழ்ந்தார்கள் என்று பொருள். தெர்சிம் மலைகளில் இன்று இந்த மூன்றும் இருக்கின்றன.

நான்காவது சான்று ஒன்றும் இன்னும் இருக்கிறது. 1994-இல் நாற்பது வயதில் ஊரைவிட்டு இறங்கியவருக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. எந்த ஓடைக்கு மேல் யாருடைய புல்வெளி, எந்த மரத்தோடு யாருடைய வயல் முடிகிறது என்று அளவைக்காரரின் முன்னால் நின்று கைகாட்டிச் சொல்ல அவரால் முடியும். பேரனால் முடியாது.